உருவிவிட்ட கால்

"காலை உருவிவிடட்டா பிள்ளை?" என்று ஐயாவின் மனைவி, அந்த அம்மா, கேட்டபோது நான் பக்கத்துக் கட்டிலில் சேலைன் மாற்றிக்கொண்டிருந்தேன். "ஓம் அம்மா, மெல்லமா" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இடது கெண்டைக்கால் மட்டும் சூடாக, இறுகி வீங்கியிருந்தது. ஒபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், வலிக்குப் பயந்து ஐயா கட்டிலை விட்டு இறங்கவேயில்லை. காலிலிருந்து இரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைத் தசைதான். நடக்கும்போது அது நாளங்களைப் பிழியும், உள்ளேயிருக்கும் வால்வுகள் இரத்தம் கீழே திரும்பாமல் மறிக்கும். படுத்தே கிடந்தால் இரத்தம் ஆழ்நாளங்களில் தேங்கிக் கட்டிபடும், உருவினால் அந்தக் கட்டி கழன்றுவிடலாம். இடது காலில் இன்னும் மோசம்: வலக்காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி இடுப்புக்குள் இடப்பக்க நாளத்தின் மேலே குறுக்கே கிடந்து அழுத்துகிறது. இதெல்லாம் சோதனையில் எழுதிப் பாஸ் பண்ணினவள் நான்.

அன்றிரவு ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. நாளங்கள் இதயத்தை நோக்கிப் போகப்போக அகலமாகும், அதனால் கழன்ற இரத்தக்கட்டி வழியில் எங்கேயும் நிற்காது. தொடை நாளம், கீழ்ப்பெருநாளம், இதயத்தின் வலப்பக்கம் எல்லாம் தாண்டி, வழி மறுபடி ஒடுங்கும் நுரையீரலில் போய்ச் சிக்கியது. ஒட்சிசனும், இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் ஹெப்பரினும் கொடுத்து ஒருமாதிரி தப்பவைத்தோம்.

அன்று வார்ட்டில் நாற்பது நோயாளருக்கு நாங்கள் இரண்டு தாதிகள். உருவாமலே கட்டி கழன்றவர்களும் உண்டு, எந்த நிமிடத்தில் கழன்றது என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. திருகோணமலை கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வார்த்தால் கால் நோவு போகும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். நோவென்றால் எண்ணெய் பூசி உருவத்தான் கை போகும். சரி, அந்த அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. அவ என்னைக் கேட்டுவிட்டுத்தானே தொட்டா?

இப்போது கால் வீக்கம் என்று யார் சொன்னாலும் நாடாவோடு போய் இரண்டு கெண்டையையும் அளக்கிறேன். 3 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே டொக்டரைக் கூப்பிடுகிறேன். அதற்கு முன் ஒருவரும் தொடக்கூடாது என்று சத்தமாகவே சொல்கிறேன்.

ஐயா வீட்டுக்குப் போகிற அன்று அம்மா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டா: "நான் உருவினதாலயோ பிள்ளை இப்படி வந்தது?"

"இல்லை அம்மா" என்றேன். அது பொய்யில்லை, அப்படித்தான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் "நான்தானே உருவச் சொன்னனான்" என்று அப்போது வாயில் வரவில்லை. அவவின் மனம் நோகக்கூடாதென்று சொன்னேனா, என்னைக் காப்பாற்றச் சொன்னேனா?

இரத்தம் கட்டிபடாமலிருக்கக் குடிக்கும் வோர்பரின் குளிசை எடுக்க இரண்டு பேரும் கிளினிக்குக்கு வருகிறார்கள். ஐயாவுக்குத் தலையிடி என்றாலும் தைலம் பூசிவிட அம்மாவுக்குப் பயமாம். போன கிழமை அவர்தான் சொன்னார்.