பின்களத்தில் நின்ற காலம்

கல்லூரி ஹொக்கி அணியில் ஆடிய காலம் முழுவதும் நான் பின்களத்திலேயே நின்றேன். கோல் அடித்தவர்களைப் பற்றி மலர்களில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. கோல் விழாமல் காப்பதற்கு எங்கள் பயிற்றுநர் எத்தனை நுணுக்கமாகப் பழக்கினார் என்பதும் பதிவாக வேண்டும் என்பதே என் விருப்பம்.

அவர் மட்டையைப் பற்றிப் பேசுமுன் கால்களைத்தான் திருத்துவார். இடக் கால் சற்று முன்னே இருக்க, முழங்கால்கள் மடிந்து, உடற்பாரம் முன்பாதங்களில் தங்கி, மட்டையின் தலை தரையை உரசும்படி தாழ்ந்திருக்க வேண்டும். பந்துடன் வருபவரை நேருக்கு நேர் பாய்ந்து மறிப்பவன் ஒரே அசைவில் ஏமாந்துபோவான்; சற்றே பக்கவாட்டாகத் திரும்பி, அவருடைய வேகத்துக்கு ஏற்பப் பின்வாங்கிக்கொண்டே நடுவழியை அடைப்பவனுக்குத்தான் அவகாசம் கிடைக்கும். இயன்றவரை அவரை நமது வலப்புறமாக ஒதுக்க வேண்டும். மட்டையின் வளைந்த பின்முகத்தால் பந்தை ஆடக் கூடாது என்பதால், இடப்புறம் வரும் பந்துக்கு மட்டையைப் புரட்ட நேர்கிறது, அப்போது பிடியின் உறுதி குறைந்துவிடுகிறது.

பந்தைப் பறிக்கும் முறைகளில் என்னை மிகவும் கவர்ந்தது, இடக் கையால் மட்டும் மட்டையைப் பிடித்துப் பந்தை நோக்கிச் சட்டென்று நீட்டி, அதே வேகத்தில் இழுத்துக்கொள்ளும் குத்து. பந்தை அப்படியே தட்டிப் பறிப்பதற்குத்தான் அது என்று பலர் எண்ணினர். முன்னேறி வருபவரின் பார்வையைக் கீழே இறக்கி, பந்தை அவருடைய மட்டையிலிருந்து சற்று விலகச் செய்வதே அதன் முதற்பயன் என்பது பயிற்றுநரின் கருத்து. அதுவே சரியென்று இன்றும் நம்புகிறேன். பந்து விலகிய கணத்தில், இரு கைகளாலும் மட்டையைத் தரையோடு படுக்கவைத்து வழியை மறித்தால், பந்து தானாகவே வந்து மோதும். "தம்பி, அவன்ர தோளைப் பாராதை, பந்தைப் பார்" என்று கோட்டோரத்திலிருந்து அவர் உரக்கச் சொல்வார்.

14.63 மீற்றர் ஆரையுடைய கோல் வட்டத்துக்குள் இந்தப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே பந்துக்கு முன் எதிராளியின் மட்டையில் அடித்துவிட்டால் பெனால்டி கோர்னர், அதாவது எதிரணிக்குக் கோலடிக்கத் தண்டனையாகக் கிடைக்கும் தனி வாய்ப்பு. அதைக் கோல்காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே கோல்கோட்டுக்குப் பின்னால் நின்று எதிர்கொள்ள வேண்டும். ஆகவே வட்டத்துக்குள் அவசரப்பட்டுப் பறிப்பதைவிட, எதிராளிக்கும் கோலுக்கும் இடையில் உறுதியாக நின்று அடிக்கும் வழியை அடைப்பதையே அவர் வற்புறுத்தினார்.

பறித்த பந்தை எங்கே அனுப்புவது என்பதும் தடுப்பாட்டத்தில் அடங்கியதே. கோலுக்கு முன்னால் குறுக்கே தள்ளிய பந்து இடைமறிக்கப்பட்டால் பின்களம் முழுவதும் திறந்துகிடக்கும் என்பதால், எல்லைக்கோட்டோரம் நிற்கும் சகவீரருக்கு அதை உடனே தள்ளிவிடும்படி பயிற்றுவித்தார்.