கடைசி டிரிப்பை 32 பக்கத்தில் எழுதியது

சேலத்தில் ஒரு அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர், பில் புக் என்று பதினொரு வருஷமாக அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைப் பக்கத்தில் பொருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். போன வருஷம் முதல்முறையாகச் சொந்தக் கதை ஒன்றை, 32 பக்கக் காமிக்ஸாக, தாய்மாமாவும் நானும் சேர்ந்து எழுதி, நான் வரைந்து, கைக்காசு போட்டு 500 பிரதி அடித்தோம். எட்டு மாச வேலை.

மாமா சேலம்–ஏற்காடு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெறும்வரை அந்த 20 கொண்டை ஊசி வளைவுதான் அவருக்கு ஆபீஸ். மேலே பஸ் நிற்கும் நேரத்தில் ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துக் காமிக்ஸ் படிப்பார். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன், 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தபோது வேலை தேடிக்கொண்டிருந்தார். ஒரு தகரப் பெட்டி நிறைய இன்னும் வைத்திருக்கிறார், நான் எழுத்துக்கூட்டிப் படித்ததே அந்தப் பெட்டியில்தான். அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கதைகளின் தமிழாக்கம். பனிமலை வரும், பாலைவனம் வரும். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலை வந்ததில்லை. "நம்ம ரோட்டுல ஒரு கதை போடணும் மாப்ள" என்று எனக்கு மீசை முளைக்காத காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை அவருடையது. ஒரு மார்கழி மாசத்து ராத்திரி, ஏற்காட்டிலிருந்து இறங்குகிற கடைசி டிரிப், கண்ணாடிக்கு முன்னால் மேகம் இறங்கிக் கிடக்கிறது, ஒரு வளைவில் நடுரோட்டில் காட்டுமாடு நிற்கிறது. மாமா எஞ்சினை அணைத்து, விளக்கையும் அணைத்துவிடுகிறார். முக்கால் மணி நேரம் பஸ்ஸுக்குள் முப்பது பேர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாடு போகிறது. பஸ் கிளம்புகிறது. அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. பின் சீட்டில் மிளகு மூட்டையோடு ஒரு திருடனை உட்கார வைத்தேன், ஆறு பக்கம் வரைந்தும் காட்டினேன். மாமா நிதானமாகப் படித்துவிட்டு, "இந்த ஆளு எந்த ஸ்டாப்புல ஏறினான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரும் எங்கே ஏறினார்கள் என்பது அவருக்குத் தெரியும், திருடனுக்கு மட்டும் ஸ்டாப் இல்லை. ஆறு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

வசனத்தில்தான் அதிகம் மோதினோம். அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் மட்டும் இன்னும் நிற்கிறதே, 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ, கருணாநிதி வசனம் எழுதிய இடம், அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு வசனம் நீளமாகத்தானே வரும். மாட்டைப் பார்த்ததும் டிரைவர் திரும்பி, "யாரும் பயப்படாதீங்க! உங்க உசுருக்கு நான் பொறுப்பு!" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். மாமா பால்பாயிண்ட் பேனாவால் அதை அடித்துவிட்டு மேலே எழுதினார்: "ஜன்னலைச் சாத்துங்க." அன்றைக்கு அவர் சொன்னது அந்த இரண்டு வார்த்தைதானாம். கட்டத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். டிரைவரின் பின்கழுத்து, ஒரு சின்ன பலூன், அதில் இரண்டு வார்த்தை, மிச்சமெல்லாம் கறுப்பு. நான் எழுதியதைவிடப் பயமாக இருந்தது.

அப்புறம் பலூனுக்குள் எழுத்துத் தமிழ் அடங்கவும் அடங்காது. 'உட்கார்ந்துகொண்டிருந்தவர்களிடம்' என்ற ஒரே வார்த்தை ஒரு கட்டத்தின் அகலத்தை முழுங்கிவிடும், நடுவில் உடைத்தால் படிக்கிறவருக்குத் தடுக்கும். பேசுகிற மாதிரி எழுதினால் வார்த்தை சின்னதாகும், முகத்துக்கு இடம் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர்களை நெருக்கிப் பொருத்திப் பழகிய கை இதில் உதவியது.

பக்கம் பிரிப்பதை மட்டும் நான் மாமாவுக்குக் கற்றுத் தரலாம் என்று நினைத்திருந்தேன். புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலது பக்கம் விழும், அதன் கடைசிக் கட்டத்தில் வாசகனை நிறுத்தி வைத்து, திருப்பியதும் இரட்டைப்படைப் பக்கத்தில்தான் எதிர்பாராததைக் காட்ட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "வளைவுக்கு முன்னாடி ஹாரன் அடிக்கணும். வளைஞ்சாத்தான் அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியும். அதானே?" அதேதான். 17-ம் பக்கம் கடைசிக் கட்டத்தில் ஹாரனை அழுத்தும் உள்ளங்கை, திருப்பினால் 18-ல் முழுப் பக்கமும் மாடு. அந்த இடத்தை முடிவு செய்தது அவர்தான்.

சத்தத்துக்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தோம். இறக்கத்தில் பஸ் வரும் கட்டங்களில் நான் 'விர்ர்ரூம்' என்று போட்டிருந்தேன். "இறங்கும்போது ஆக்ஸிலேட்டர்ல கால் எதுக்கு மாப்ள இருக்குது?" என்றார். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், அதனால் எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும், வண்டியை எஞ்சின்தான் இழுத்துப் பிடிக்கும். சரி, கேட்டே விடுவோம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி மேலே போய், அடுத்த பஸ்ஸிலேயே இறங்கினோம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு வளைவுக்கும் அந்த முனகல் உயர்ந்து, வளைந்து முடிந்ததும் தணிந்தது. நோட்டில் 'ஙொய்ய்ங்ங்' என்று எழுதிக் காட்டினேன், தலையாட்டினார். புத்தகத்தில் வளைவுக்குத் தகுந்தபடி அந்த 'ங்' கூடும், குறையும். அதைக் கவனித்துக் கேட்டவர்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே டிரைவர்கள்.

அச்சில் தப்பு செய்தது நான். பளபளப்புப் பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சும், சாம்பல் நிறத்தை உண்டாக்கும் அச்சுப் புள்ளி பரவும், திரையில் இளசாகத் தெரிகிற சாம்பல் தாளில் அடர்த்தியாக விழும் என்பது எனக்குத் தினமும் தெரிகிற விஷயம். ஆனால் என் படத்தின் அழகிலேயே மயங்கி அதை மறந்துவிட்டேன். முதல் ஃபாரம், அதாவது முதல் 16 பக்கம், அடித்து வந்தபோது மேகமெல்லாம் டயர் எரிந்த புகை மாதிரி இருந்தது. இன்னொரு தடவை அடிக்கப் பணம் இல்லை. இரண்டாவது ஃபாரத்தில் சாம்பலைப் பாதியாகக் குறைத்தேன், சரியாக வந்தது. ஊர்க்காரர் ஒருவர் படித்துவிட்டு, "மேலே மூட்டம் அதிகம், கீழே இறங்க இறங்க வெளுக்குது, கரெக்டா இருக்கு" என்றார். நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்த முதல் ஃபாரம் இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

அட்டையில் யார் பெயர் முதலில் என்று வந்தபோது அவர் என் பெயரைச் சொன்னார். நான் அவர் பெயரைப் போட்டுத்தான் பிளேட்டுக்கு அனுப்பினேன். புத்தகம் வந்த அன்று அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தவர் 23-ம் பக்கத்தில் நின்றுவிட்டார். வளைவுப் பலகையில் 9/20 என்று இருக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் 10/20 என்று வரைந்திருக்கிறேன். எட்டு மாசத்தில் எத்தனையோ தடவை பார்த்தும் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

"யாரும் கவனிக்க மாட்டாங்க மாமா."

"அந்த ரோட்டுல ஓட்டுறவன் கவனிப்பான்."

ஒரு கறுப்பு பேனாவும் வெள்ளை மையும் வாங்கி வரச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியாக 23-ம் பக்கத்தைத் திறந்து, 10-ஐ வெள்ளையால் மூடி, ஊதிக் காயவைத்து, 9 எழுதுகிறார். ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல் கை ஓடவில்லை என்கிறார். திருத்தாத பிரதியை யாருக்கும் தரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. இன்னும் 140 பாக்கி.