வயிற்று வலி என்று எழுதிக்கொள்ளலாமா?

தற்கொலை செய்துகொண்ட என் தம்பியின் காப்பீட்டுத் தொகை போன வாரம்தான் அவன் மனைவியின் கணக்குக்கு வந்தது. இவ்வளவு காலம் இழுத்தடித்ததற்குக் காரணம் காவல் நிலையத்தில் எழுதப்பட்ட ஒரே ஒரு வரி. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வரி.

தற்கொலை என்றால் பிரேதப் பரிசோதனைக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டும். இரவிலும் பரிசோதனை செய்யலாம் என்று 2021இல் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தபோது, கொலை, தற்கொலை போன்றவற்றுக்கு விலக்கு வைத்துவிட்டது. இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. இரவு முழுவதும் அம்மா பிணவறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் ஓர் ஊழியர், "அந்த சூசைடு பாடிக்கு யார் வந்திருக்கிறீர்கள்?" என்று கூவினார். மகன் எப்படி இறந்தான் என்பதை அம்மா அப்படித்தான் தெரிந்துகொண்டார்.

காவல் நிலையத்தில் சித்தப்பாதான் புகார்தாரர். காரணம் என்ன என்று ரைட்டர் கேட்டார். தெரியாது என்றார் சித்தப்பா. அதுதான் உண்மை. தம்பி மாதக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை, வேலையில் நெருக்கடி இருந்தது, எங்களுக்குத் தெரியாதவை இன்னும் எத்தனையோ. "தெரியாது என்று எழுத முடியாது, ஐயா. வயிற்று வலி என்று எழுதிக்கொள்ளலாமா? பின்னால் பிரச்சினை வராது." உடலை வாங்கினால் போதும் என்ற நிலையில் சித்தப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு, காவல்துறை நடத்தும் பிரேத விசாரணையில் மரணத்தின் வெளிப்படையான காரணத்தையும் உடலில் உள்ள காயங்களையும் பதிவு செய்யச் சொல்கிறது. ஒருவர் ஏன் அந்த முடிவுக்குப் போனார் என்று குடும்பம் ஊகித்துச் சொல்லியாக வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. 'காரணம் தெரியவில்லை' என்று எழுதச் சொல்லி உறுதியாக நில்லுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம்; அங்கேயே படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மறுநாள் ஒரு நாளிதழில் "வயிற்று வலியால் வாலிபர் தற்கொலை" என்று வந்தது. பெயர், தெரு, வேலை பார்த்த இடம், கல்யாணப் படம், இறந்த விதம் எல்லாம் இருந்தன. எங்களிடம் ஒருவரும் பேசவில்லை. முறையை விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது, ஒற்றைக் காரணத்தில் அடக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதை அடியொற்றி இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019இல் நெறிமுறை வகுத்தது. ஆசிரியருக்கு அதைச் சுட்டிக்காட்டிப் பதிவுத் தபால் அனுப்பினேன். இணையப் பதிப்பில் படத்தையும் இறந்த விதத்தையும் நீக்கினார்கள். வருத்தம் தெரிவிக்கவில்லை. நீங்கள் மன்றத்துக்குப் போவதானால் முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும். நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதங்களுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். மன்றத்தால் கண்டிக்க முடியும், அபராதம் விதிக்க முடியாது.

காப்பீட்டில்தான் அந்த வரி எங்களைக் கடித்தது. பாலிசி எடுத்து முதல் 12 மாதங்களைத் தாண்டிவிட்டதால் தற்கொலைக்கு முழுத் தொகை தராத விலக்கு பொருந்தாது. மூன்று ஆண்டுகள் முடியாததால், பாலிசி எடுக்கும்போது நோயை மறைத்தாரா என்று நிறுவனம் விசாரிக்கலாம். விசாரிக்க வந்தவர் முதல் தகவல் அறிக்கையையும் பத்திரிகைத் துணுக்கையும் நீட்டி, "நீண்ட நாள் வயிற்று வலிக்கான சிகிச்சைச் சீட்டுகள் எங்கே?" என்றார். இல்லாத நோய்க்கு எங்கிருந்து சீட்டு கொண்டுவருவது? தம்பி மனைவி பொய் சொல்கிறாள் என்பது போலவே பேசினார். இன்றும் எனக்கு ஆறவில்லை.

மறுப்பதானால் அதற்கான காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு. அதை மேற்கோள் காட்டி, பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் இணைத்து, நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதினோம். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்றும் குறிப்பிட்டோம். அங்கே கட்டணம் கிடையாது. அவர்களால் ஓர் ஆதாரமும் காட்ட முடியவில்லை. முழுத் தொகையும் வந்தது.

அந்தச் செய்தியில் உதவி எண் ஒன்றுகூட இல்லை. தமிழ்நாட்டில் 104, தேசிய அளவில் டெலி மானஸ் 14416. இரண்டிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.