மோதிரம் கழன்று, செருப்பு இறுகினால்

"நல்லா மெலிஞ்சிட்டியள் அண்ணை, இனி ஹார்ட்டுக்குப் பாரம் இல்லை." இதயச் செயலிழப்பு (இதயம் உடம்புக்குப் போதிய இரத்தத்தை இறைக்க முடியாத நோய்) உள்ளவரைப் பார்க்க வருகிறவர்கள் வெள்ளவத்தை வீடுகளில் இப்படிச் சொல்லித் தேற்றுவார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்த நோயில் தானாக மெலிவது நல்ல செய்தியல்ல.

நோய் வருமுன் பருமன் கெடுதிதான். அமெரிக்காவின் நீண்டகால இதய ஆய்வான ஃபிராமிங்ஹாம் ஆய்வு 2002இல் காட்டியபடி, உடற்பருமன் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது. ஆனால் நோய் வந்துவிட்டவர்களில், கொஞ்சம் பருத்தவர்கள் மெலிந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வதைப் பல ஆய்வுகள் கண்டன. அதை நம்பிக் கொழுப்பு ஏற்ற வேண்டாம். மெலிந்தவர்களில் பலர் நோயால் ஏற்கெனவே கரைந்தவர்கள். பருத்தவர்களுக்கோ மூச்சு வாங்குவது முந்தியே தெரிவதால் நோயும் முந்தியே பிடிபடலாம். பாரடைம்-ஹெச்எஃப் என்ற இதயச் செயலிழப்பு மருந்து ஆய்வின் தரவுகளை 2023இல் திரும்பப் பார்த்தார்கள். பிஎம்ஐக்கு (நிறையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) பதிலாக இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்த விகிதத்தை வைத்ததும் பருமனின் அந்தச் சாதகம் மறைந்துவிட்டது.

மெலிவு ஆபத்து என்பது மட்டும் மாறவில்லை. வீக்கம் இல்லாத நிறையில் 12 மாதத்துக்குள் 5 வீதம் தானாகக் குறைந்தால் அதைப் பாரதூரமாக எடுக்கவேண்டும். 60 கிலோக்காரருக்கு அது வெறும் 3 கிலோ.

தராசு இதைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் சிக்கல். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. தசையில் 4 கிலோ கரைந்து, காலிலும் வயிற்றிலும் 4 லீற்றர் நீர் சேர்ந்தால் முள் அதே 60இல் நிற்கும். அப்போது உடம்பைப் பாருங்கள்: விரல் மோதிரம் கழன்று விழும், செருப்பு வார் காலை வெட்டும். நெற்றிப்பொட்டு குழிந்து, தோள்பட்டை எலும்பு எட்டிப் பார்க்கும். முன்காலின் எலும்பு மேல் பெருவிரலால் அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அது நீர்.

தினமும் காலையில் சலம் கழித்தபின், சாப்பிடுமுன், அதே மெல்லிய உடுப்போடு நிறை பாருங்கள். தராசு சீமெந்துத் தரையிலோ மாபிளிலோ இருக்கட்டும்; பாய்மேல் வைத்தால் பிழைக்கும். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது நீர்தான். அன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள், அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராதீர்கள். வயிற்றோட்டத்திலோ கொழும்பு வெக்கையிலோ நிறை சடாரென இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், சலம் போகிற குளிசை கூடிப்போயிருக்கலாம், அதையும் கேட்கவேண்டும். வீக்கம் வற்றிய நாளின் நிறையைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள். மாதாமாதம் அந்த எண்ணோடுதான் ஒப்பிடவேண்டும்.

வேண்டுமென்றே நிறை குறைப்பது வேறு விஷயம். பிஎம்ஐ 30க்கு மேல் இருந்து, இதயம் சுருங்கும் வலு குறையாதவர்களுக்கு, வைத்தியரின் மேற்பார்வையில் குறைத்தால் களைப்பும் மூச்சிரைப்பும் தணிகின்றன. பட்டினி கிடப்பது அதற்கு வழியல்ல.

மெலிந்தவரை உடனே தேற்ற வேண்டுமென்று வீட்டார் துடிப்பார்கள். குடலும் ஈரலும் நீர் கோர்த்திருப்பதால் இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்ததுபோல இருக்கும். அதை அடம் என்று நினைத்து ஏசாதீர்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முட்டை, மீன், பருப்பு, தயிர் என்று ஏதாவதொரு புரதம் வையுங்கள். சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். சூப் கட்டி, கருவாடு, ஊறுகாய், பப்படம் எல்லாம் உப்பு. தேற்றப்போய் நீரைத்தான் சேர்ப்பீர்கள். ஸ்பைரோனோலக்டோன் (பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைக்கும் சலக் குளிசை) எடுப்பவருக்குத் தம்பிலியை (செவ்விளநீரை) டொக்டரைக் கேளாமல் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும்.