சார்ஜருக்கு முன் டிரான்ஸ்பார்மர்

நெடுஞ்சாலையோரம் மின்வாகன சார்ஜிங் ஸ்டேஷன் போட எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சார்ஜரின் விலையைத்தான் கேட்கிறார்கள். இரண்டு கன் (காரில் செருகும் முனை) உள்ள 60 கிலோவாட் டிசி சார்ஜர் இன்று தயாரிப்பாளரைப் பொறுத்து ஏறக்குறைய 6 முதல் 10 லட்சம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. போன் பண்ணினால் அன்றைக்கே கொட்டேஷன் வந்துவிடும். பட்ஜெட்டைக் கவிழ்ப்பது அதற்கு முந்தைய பகுதி: 11 கேவி (11,000 வோல்ட்) லைனிலிருந்து சார்ஜரின் காலடி வரை உள்ள கம்பம், டிரான்ஸ்பார்மர், கேபிள், பேனல், எர்த்திங். லைன் பக்கத்திலேயே ஓடினால் சில லட்சங்களில் முடியும். அரை கிலோமீட்டர் தள்ளி ஓடினால் சார்ஜர் விலையைத் தாண்டிப் போகும்.

பொதுப் பணம், தனியார் பணம் என்ற விவாதத்தை இந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. அரசுப் பணம் கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் போகட்டும், சார்ஜர் பெட்டியை ஸ்டேஷன் நடத்துபவர் தன் காசில் வாங்கட்டும் என்பதே என் கட்சி. டிரான்ஸ்பார்மர் 25 வருடம் நிற்கும்; ஆபரேட்டர் மாறினாலும் அந்த இடத்துக்குப் பயன்படும். சார்ஜர் எட்டு வருடத்தில் பழசாகிவிடும். அது இலவசமாக வந்தால் அதைப் பராமரிக்க யாருக்கும் அக்கறை இருக்காது.

இந்திய அரசின் திட்டங்களும் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. 2019இல் தொடங்கிய ஃபேம் 2 என்ற மின்வாகன ஊக்குவிப்புத் திட்டத்தின் 10,000 கோடியில் 1,000 கோடி சார்ஜிங் கட்டமைப்புக்கு ஒதுக்கப்பட்டது. 2023 மார்ச்சில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கு 7,432 ஸ்டேஷன்களுக்காக 800 கோடி ஒப்புதலானது. பெட்ரோல் பங்கில் இடமும் கழிப்பறையும் வெளிச்சமும் ஏற்கெனவே இருப்பதால் யோசனை நல்லதுதான். ஆனால் பங்கின் மின் இணைப்பு மோட்டாருக்கும் விளக்குக்கும் வாங்கியது; 60 கிலோவாட்டைத் தாங்காது. சார்ஜர் வந்து இறங்கி, பாலிதீன் உறை பிரிக்காமல், இணைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பங்குகள் உண்டு. 'நிறுவப்பட்டவை', 'மின் இணைப்பு பெற்றவை' என்று இரண்டு எண்ணிக்கைகளைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது.

2024இல் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கு 2,000 கோடி. இலக்கு சுமார் 72,300 சார்ஜர்கள். அதில் 48,400 இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு, 22,100 கார்களுக்கு, 1,800 பேருந்துகளுக்கு. மானியம் இடத்தைப் பொறுத்து மாறுகிறது. அரசு அலுவலகம், மருத்துவமனை போன்ற இடங்களில், பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நிபந்தனையோடு, முழுச் செலவும் கிடைக்கும். ரயில் நிலையம், பேருந்து நிலையம், எண்ணெய் நிறுவன பங்க் போன்றவற்றில் மின் கட்டமைப்புக்கு (டிரான்ஸ்பார்மர், கேபிள் போன்றவை) 80 சதவீதம், சார்ஜருக்கு 70 சதவீதம். மால், நெடுஞ்சாலையோரம் மாதிரியான இடங்களில் மின் கட்டமைப்புக்கு மட்டும் 80 சதவீதம். கடைசி வகைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தனியாள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது; மாநில அரசோ பொதுத்துறை நிறுவனமோ இடங்களைத் தொகுத்து அனுப்பி, பிறகு டெண்டர் மூலம் ஆபரேட்டரைப் பிடிக்கும். ஆகவே சொந்த நிலம் வைத்திருப்பவர் மானியத்தை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது.

இனி வேலை. சார்ஜிங் ஸ்டேஷன் நடத்த லைசென்ஸ் வேண்டாம். மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே இது மின்சார விற்பனை ஆகாது, சேவை என்று தெளிவுபடுத்திவிட்டது. முதல் வேலை, சார்ஜர் கம்பெனிக்குப் போன் பண்ணுவதற்கு முன், அந்தப் பகுதி ஈபி அலுவலகத்துக்குப் போய் ஃபீடரை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து அங்கே வரும் லைனைப் பற்றிக் கேட்பது. எந்த துணைமின் நிலையத்திலிருந்து வருகிறது, அங்கிருந்து எவ்வளவு தூரம், விவசாய ஃபீடரா, சுமை மிச்சம் இருக்கிறதா? பக்கத்துக் கடையின் இணைப்பில் வோல்டேஜைத் தொடர்ந்து பதியும் லாகர் கருவியை ஒரு வாரம் போட்டு வையுங்கள். பெரும்பாலான டிசி சார்ஜர்கள் 415 வோல்ட்டில் 15 சதவீதம் ஏற்ற இறக்கம் தாங்கும், அதாவது ஏறக்குறைய 353 முதல் 477 வரை. ஃபீடரின் வால் பகுதியில் சாயங்காலம் வோல்டேஜ் இதற்குக் கீழே இறங்கினால் சார்ஜர் தானாக நின்றுவிடும். டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டு வோல்டேஜைக் கூட்டக் குறைக்க உதவும் டேப்பை ஒரு படி மாற்றினால் சாயங்காலம் சரியாகும். ஆனால் சுமை குறைந்த நள்ளிரவில் வோல்டேஜ் மேலே முட்டும். லாகர் இரண்டு முனையையும் காட்டிவிடும்.

அளவுக் கணக்கு இது. 60 கிலோவாட் வெளியே வர, 95 சதவீதத் திறனில் உள்ளே 63 கிலோவாட் போக வேண்டும். பவர் ஃபேக்டர் 0.98 என்றால் 64.5 கேவிஏ (டிரான்ஸ்பார்மர் அளவைச் சொல்லும் அலகு). 415 வோல்ட் மூன்று ஃபேஸில் ஒரு ஃபேஸுக்கு 90 ஆம்பியர். வோல்டேஜ் குறைந்தால் 100ஐத் தாண்டும். எனவே 125 ஆம்பியர் எம்சிசிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் பிரேக்கர்), 50 மீட்டருக்குள் என்றால் 70 சதுர மில்லிமீட்டர் அலுமினிய ஆர்மர்டு கேபிள். ஒரு சார்ஜருக்கு 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் போதும். இரண்டு வைப்பதானால் 129 கேவிஏ வரும். 200 போடுவது நல்லது. ஒரு வருடத்தில் இரண்டாவது சார்ஜர் வைக்கும் எண்ணம் இருந்தால் கேபிள் டிரெஞ்சையும் காங்கிரீட் மேடையையும் இப்போதே போட்டுவிடுங்கள். டிரான்ஸ்பார்மரை மாற்றுவதைவிடத் தரையைத் திரும்ப உடைப்பதுதான் எரிச்சலான வேலை. மொத்தச் சுமை எல்டி (தாழ்வழுத்த) வரம்பைத் தாண்டினால் எச்டி (உயரழுத்த) இணைப்பு. மின் ஆய்வாளர் சான்று, மீட்டரிங் அறை என்று செலவும் நாளும் கூடும். அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்க முடிந்தால் நிற்பது புத்திசாலித்தனம்.

ஒரே 120 கிலோவாட் பெட்டியா, இரண்டு 60ஆ என்று கேட்டால் இரண்டு 60 என்பேன். இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான கார்கள் 60 கிலோவாட்டுக்கு மேல் வாங்குவதில்லை. புதிய மஹிந்திரா மாதிரிகள் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. அதைவிட, பெரிய பெட்டி பழுதானால் ஸ்டேஷனே மூடிவிடும். பொங்கலுக்கு முந்தைய நாள் சென்னை–திருச்சி சாலையில் அது நடந்தால் அந்த ஸ்டேஷன் பெயர் வாட்ஸ்அப் குரூப்களில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கார்களுக்கு, இன்று பொதுவாகப் பயன்படும் சிசிஎஸ்2 வகை கன் போதும். பழைய பாரத் டிசி 15 கிலோவாட் சார்ஜரை யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அதில் செருகும் வண்டிகள் அருகிவிட்டன.

அதிகம் தொல்லை தருவது எர்த்திங். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ட் கூடினாலே பல கார்கள் சார்ஜ் எடுக்க மறுக்கும்; திரையில் ஏதோ ஒரு ஃபால்ட் எண் மட்டும் வரும். டிரைவர் சார்ஜரைத் திட்டுவார், சார்ஜர் கம்பெனி காரைக் கைகாட்டும். மார்ச்சுக்குப் பிறகு மண் காய்ந்து, ஜனவரியில் 1 ஓமுக்குள் இருந்த எர்த் பிட் ஏப்ரலில் 4, 5 ஓமுக்குப் போய் நிற்கும். சார்ஜருக்கெனத் தனியாக இரண்டு பிட், டிரான்ஸ்பார்மர் நியூட்ரலுக்கு வேறாக இரண்டு, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவீடு. இதை டெண்டரில் எழுதுபவர்கள் குறைவு.

அடுத்தது தூசி. சார்ஜருக்குள் பொதுவாக 30 கிலோவாட் பவர் மாட்யூல் இரண்டு இருக்கும். ஃபில்டர் அடைத்தால் சூடு ஏறி மாட்யூல் தன் திறனைக் குறைத்துக்கொள்ளும், அல்லது ஒன்று அணைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சார்ஜர் நன்றாக ஓடும். 60க்குப் பதில் 28 கிலோவாட் வரும். செம்மண் சாலையோரத்தில் ஃபில்டரை மாதம் இருமுறை கழுவ வேண்டும். மேடை தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். சென்னையின் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் ஏறிய மட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கும் மேலே. கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் எலி நுழையும். கன்னை மாட்ட ஹோல்டர் இல்லாவிட்டால் அது தரையில் கிடக்கும், ஒருநாள் யாராவது வண்டியை ஏற்றுவார்கள். ஒரு கன்னும் கேபிளும் மாற்றுவது பெரிய செலவு.

நெட்வொர்க்கும் அப்படித்தான். ஆப்பில் பணம் கட்டியாகிவிட்டது, சார்ஜருக்குள் இருக்கும் சிம்முக்கு சிக்னல் இல்லை, சார்ஜ் தொடங்கவில்லை. இரண்டு சிம், வெளியே நீட்டிய ஆன்டெனா, நெட் இல்லாதபோதும் ஆர்எஃப்ஐடி கார்டில் தொடங்கும் வசதி மூன்றும் வேண்டும். சார்ஜரும் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ளும் பொது மொழியான ஓசிபிபியின் 1.6 பதிப்பையாவது சார்ஜர் பேசட்டும். தயாரிப்பாளரின் சொந்த சாஃப்ட்வேரில் மட்டும் ஓடும் பெட்டியை வாங்கினால், அந்தக் கம்பெனி மூடும் நாளில் உங்கள் ஸ்டேஷனும் மூடும்.

வரவு செலவைப் பார்ப்போம். கணக்குக்காக ஈபி யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மீட்டரில் 100 யூனிட் ஓடினால் கன் வழியாக 93தான் போகும். மாற்றத்தில் இழப்பு, ஃபேன், திரை, மோடம் எல்லாம் மீதியைத் தின்னும். ஆக உண்மை விலை 8.60. விற்பது 18 ரூபாய், மேலே 18 சதவீத ஜிஎஸ்டி. நிலத்துக்காரருக்கு யூனிட்டுக்கு 1 ரூபாய், சாஃப்ட்வேருக்கும் பேமென்ட்டுக்கும் 1 ரூபாய் போக 7.40 மிச்சம். 60 கிலோவாட் சார்ஜர் நாள் முழுக்க ஓடினால் 1,440 யூனிட். 5 சதவீதம் பயன்பட்டால் 72 யூனிட், மாதம் சுமார் 16,000 ரூபாய். காவல், துப்புரவு, இன்டர்நெட், பராமரிப்பு ஒப்பந்தம், இன்சூரன்ஸ் 15,000 என்றால் கையில் நிற்பது டீச் செலவு. 15 சதவீதம் என்றால் 216 யூனிட், மாதம் 48,000. செலவு போக 33,000. சார்ஜர் 9 லட்சம், மின் கட்டமைப்பு 7 லட்சம் என்றால் 16 லட்சம் திரும்ப நான்கு வருடம் ஆகும். அந்த 7 லட்சத்தில் 80 சதவீதத்தை அரசு ஏற்றால் 32 மாதம்.

இதில் கவனிக்க வேண்டியது, 5 சதவீத ஸ்டேஷனை எந்த மானியமும் காப்பாற்றாது. கூட்டம் வரும் இடத்தில் மானியம் காலத்தைக் குறைக்கும். வராத இடத்தில் துருப்பிடிக்கும் பெட்டியைத்தான் தரும். ஆனாலும் மலைப்பாதையிலும் சின்ன ஊரிலும் யாராவது வைத்தாக வேண்டும். 2024 செப்டம்பர் வழிகாட்டுதல்கள் 2030க்குள் நகரங்களில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒன்று என்கின்றன. அத்தகைய இடங்களுக்கு நிறுவும் செலவைவிட, முதல் மூன்று வருடம் சார்ஜர் உயிரோடு இருந்த நேரத்துக்கு மாதாமாதம் பணம் தருவது பொருத்தம். அந்த நேரத்தை ஓசிபிபி பதிவிலிருந்தே எடுத்துவிடலாம். ஆய்வுக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை.

ஈபி ஸ்டேஷனிடம் வாங்கும் விலை நேரத்தைப் பொறுத்தும் மாறும். அதே வழிகாட்டுதல்கள் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்று கட்டணம் வைக்கச் சொல்கின்றன. இறுதி முடிவு மாநில ஒழுங்குமுறை ஆணையத்துடையது. அதன் ஆணையைப் படித்து, நிலைக் கட்டணம் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் விலை வைக்க வேண்டும். கூரையில் சோலார் போட்டால் மின்சாரம் இலவசம் என்று விற்பவர்களிடம் ஒரு கணக்கு கேளுங்கள். ஒரு கார் நிற்கும் இடத்துக்கு மேல் இரண்டரை கிலோவாட் பேனல்தான் பிடிக்கும். நான்கு இடத்துக்குப் பத்து கிலோவாட், தமிழ்நாட்டு வெயிலில் நாளுக்கு 40 யூனிட். 45 யூனிட் பேட்டரியுள்ள ஒரு நெக்சான் மின்காரைக்கூட அது முழுதாக நிரப்பாது. நிழலுக்காகப் போடுங்கள், தப்பில்லை.

கடைசியாக, கையெழுத்துப் போடும் காகிதம். ஹோட்டல்காரர் இடத்தில் வைக்கிறீர்கள் என்றால் மின் இணைப்பு யார் பெயரில் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அவர் பெயரில் இருந்து, ஹோட்டல் பாக்கிக்காக ஃப்யூஸைப் பிடுங்கினால் சார்ஜரும் அணைந்துவிடும். குத்தகை பத்து வருடத்துக்குக் குறைய வேண்டாம். அரசு நிலத்தை யூனிட்டுக்கு 1 ரூபாய் பங்கில் தரும் ஏற்பாடும் அதே பத்து வருடம்தான். விலகும்போது சார்ஜர் உங்களுடையது, டிரெஞ்சும் மேடையும் அவருடையது. டிரான்ஸ்பார்மர் ஈபி சொத்தாகப் பதிவாகியிருந்தால் இருவருக்கும் இல்லை. அதற்குக் கட்டிய பணத்தைக் குத்தகை பாதியில் முறிந்தால் யார் எவ்வளவு ஏற்பது என்று வருடவாரியாக ஒரு அட்டவணை போட்டு இணைத்துவிடுங்கள்.