அம்மாவுக்கு மூச்சு வாங்காத கார்

அம்மாவுக்கு 66 வயது. 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், இலங்கை மலைநாட்டில் கொட்டகலையில் இருக்கிறார், இன்றைக்கும் வாரத்தில் ஐந்து நாளாவது கார் எடுக்கிறார். ஹட்டன் டவுன், கோயில், தலவாக்கலையில் சித்தி வீடு, மாதம் ஒரு தடவை நுவரெலியா. அவருடைய பழைய லான்சர் என்னை விட இரண்டு வயது மூத்தது. இடது முழங்கால் வலியோடு இனிமேல் கிளச் மிதிக்க முடியாது என்று ஆன பிறகு, அதை விற்க ஒருவழியாகச் சம்மதித்தார். "அடுத்தது என்ன கார்மா பாக்கலாம்?" என்று கேட்டேன். என் மனதில் இருந்தது ஒரு சின்ன டொயோட்டா விட்ஸ். அம்மா சொன்னது வேறு.

"மலை ஏறும்போது மூச்சு வாங்காத காரா பாரு பாப்பா. மெத்து மெத்துன்னு போற கார் எனக்கு வேணாம்."

அம்மாவுக்குக் கார் பைத்தியம் உண்டு என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தாத்தா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கராக இருந்தவர், மொரிஸ் மைனர் வைத்திருந்தார், ஏப்ரல் சீசனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைக் காட்டுவார். 1934இல் தொடங்கிய போட்டி அது. தேயிலைக்கு நடுவில் வளைந்து வளைந்து ஏறும் அந்தக் குறுகலான ரோட்டில் ஒவ்வொரு காராக முறுக்கிக்கொண்டு போகும் சத்தத்தை அம்மா இன்றைக்கும் வாயால் செய்து காட்டுவார். அப்படிப்பட்டவரிடம் போய் "உங்க வயசுக்கு இதுதான் சரி" என்று ஒரு காரை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

பெரிய மாமாவுக்குத்தான் கோபம். "இந்த வயசுல அக்காவுக்கு என்னத்துக்கு வேகம்? ஒரு சின்ன ஓட்டோ கியர் கார் போதாதா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மாமா சொன்னதைப் பற்றி நான் நிறைய நாள் யோசித்தேன், ஏனென்றால் அவர் அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் மலைநாட்டு ரோட்டில் எஞ்சினில் பலம் இருப்பது வேகமாக ஓட்டுவதற்கு மட்டும்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, எஞ்சினுக்கு உள்ளே போகும் ஒக்சிசன் குறைகிறது, டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கிறது. 1,000 சிசி விட்ஸுக்கு 69 குதிரைவலு என்பது கொழும்புக் கணக்கு. நுவரெலியாவில் அதே கார் 57 போலத்தான் தரும். அதில் அம்மா, சித்தி, சித்தியின் மகள், பின்னால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் லீக்ஸும். டர்போ வைத்த எஞ்சின் மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பு பெரும்பாலும் தெரியாது. மலைநாட்டுக்காரருக்குச் சின்ன டர்போ எஞ்சின் ஏன் பொருந்துகிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி. மலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும்: முன்னால் கொழுந்து லொறியோ மரக்கறி லொறியோ 20இல் ஏறிக்கொண்டிருக்கும், பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருவார், இரண்டு முடக்குக்கு நடுவில் ஒரு சின்ன நேர் ரோடு கிடைக்கும். அந்த இடத்தில் மிதித்ததும் இழுக்காத கார்தான் ஆபத்தான கார். எதிர்ப்பக்கத்தில் எத்தனை விநாடி நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. வயதானவர்களுக்கு முடிவெடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அந்த நேரத்தைக் கார் திருப்பித் தரட்டும் என்றேன் மாமாவிடம். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, தேட ஆரம்பித்தோம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1இல்தான் திறந்தார்கள், அந்த ஐந்து வருடத்தில் பாவித்த கார்களின் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதுக் கார் எங்களுக்கு எட்டாது. எங்கள் கையில் இருந்தது 85 இலட்சம், லான்சர் விற்ற காசும் அம்மாவின் சேமிப்பும் என் பங்கும் சேர்த்து. லீசிங் எடுக்க அம்மா விடவில்லை.

அம்மாவின் முதல் ஆசை சுவிஃப்ட் ஸ்போர்ட். கண்டியில் என் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மஞ்சள் நிறத்தில் வைத்திருந்தார், அம்மா வந்த அன்றைக்கு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அந்த மனிதர் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். 1.4 டர்போ, 140 குதிரைவலு, 230 நியூட்டன் மீற்றர் இழுவை, மெனுவல் கார் வெறும் 970 கிலோ. கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஓட்டோவிலும் இருக்கிறது, ஆகவே முழங்கால் பிரச்சினை இல்லை. ஆனால் டயர் 195/45, 17 அங்குல ரிம். ரப்பர் பக்கச்சுவர் ஒன்பது சென்ரிமீற்றர் கூட இல்லை. எங்கள் வீட்டுக்குப் போகும் தோட்டத்து ரோட்டில், மழைக்காலத்தில் குழி தண்ணீரால் மூடியிருக்கும்போது, அந்த ரிம் எத்தனை மாதம் தாங்கும்? இன்னொன்று சீட். நான் எல்லோருக்கும் சொல்லும் ஆலோசனை இது: வயதான பெற்றோருக்குக் கார் பார்க்கும்போது அவர்கள் வழக்கமாக உடுத்தும் உடுப்பிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். அம்மா சேலையில்தான் வெளியே போவார். பக்கம் உயர்ந்த ஸ்போர்ட்ஸ் சீட்டில் சேலையோடு ஏறி இறங்குவதற்குள் கொசுவம் கலைந்துவிடுகிறது, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டியிருக்கிறது. மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு அம்மாவே "வேணாம் பாப்பா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஹொண்டா சிவிக் 1.0 டர்போவும் பார்த்தோம். அழகான கார், நல்ல இழுவை, ஆனால் உட்காரும் இடம் தாழ்வு. அம்மாவுக்கு ரோடு தெரிய உயரம் வேண்டும். டொயோட்டா ரைஸ் அதற்கு நேரெதிர்: 98 குதிரைவலு 1.0 டர்போ, தரையிலிருந்து 185 மில்லிமீற்றர் உயரம், கதவைத் திறந்தால் இடுப்பு மட்டத்தில் சீட். மூட்டுவலி உள்ளவர்களுக்கு, தோட்டத்துக்கு உள்ளே தூரமாக இருப்பவர்களுக்கு நான் ரைஸைத்தான் சொல்வேன். எங்கள் காசுக்கு அது எட்டவில்லை, எட்டியிருந்தாலும் அம்மாவுக்கு அது பிடித்திருக்காது. முடக்கில் சாய்கிறது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கடைசியில் கிடைத்தது 2018 சுவிஃப்ட் ஆர்எஸ்டி. சாதாரண சுவிஃப்ட்டுக்கும் ஸ்போர்ட்டுக்கும் நடுவில் ஜப்பானில் விற்ற வகை. 1,000 சிசிக்கு உள்ளே மூன்று சிலிண்டர் டர்போ, 102 குதிரைவலு, 150 நியூட்டன் மீற்றர், எடை 930 கிலோ. எனக்குப் பிடித்தது அந்த 150 எங்கே கிடைக்கிறது என்பதுதான். 1,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது, 4,500 வரைக்கும் அப்படியே நிற்கிறது, எஞ்சினை அலற விடாமலே ஏறலாம். கியர் 6 ஸ்பீட் ஓட்டோ, பெல்ட்டில் ஓடும் சிவிடி வகை இல்லை. டயர் 185/55, 16 அங்குலம், பக்கச்சுவர் பத்து சென்ரிமீற்றர். சீட்டும் சேலைக்குத் தொந்தரவு தரவில்லை.

அதற்கு முன்னால் ஒரு காரில் ஏமாறப் பார்த்தோம். பாவித்த கார் விற்கும் ஒரு கார் சேலில் இதே மொடல், மீற்றரில் 48,000 கிலோமீற்றர். சஸி இலக்கத்தை வைத்து ஜப்பான் ஒக்ஷன் ஷீட், அதாவது அங்கே ஏலத்தில் எழுதிய அறிக்கை, எடுத்துப் பார்த்தால் அங்கே ஏலம் போகும்போதே 61,000. இங்கே வந்து ஓடியது அதற்கு மேல். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, ஒரு வயதான மனுஷியிடம் சிரித்துச் சிரித்துப் பேசி டீ கொடுத்து விற்கப் பார்த்தார்கள். ஒக்ஷன் ஷீட் எடுக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. அதோடு இந்த மொடலில் எல்லாக் காரிலும் பக்கத்து ஏர்பேக் இல்லை, சேஃப்டி பேக்கேஜ் போட்டு வந்தவற்றில்தான் அதுவும் முன்னால் மோதாமல் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியும் இருக்கிறது. பெற்றோருக்கு வாங்குகிறீர்கள் என்றால் அது இருக்கும் காராகத் தேடுங்கள். நாங்கள் அதற்காகவே இரண்டு மாதம் கூடக் காத்திருந்தோம்.

நாங்கள் வாங்கியது கம்பளையில் ஒருவரிடம். ஓட்டிப் பார்க்க அவர் தாராளமாக விட்டார். எங்கள் கராஜ் மெக்கானிக் பாஸையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, அம்மா ஓட்ட, புசல்லாவை தாண்டி இறம்பொடை வரை ஏறினோம். ஒரு நேர் ரோட்டில் அம்மாவை 30இல் வரச் சொல்லி, பிறகு மிதிக்கச் சொல்லி, 60 வரும் வரை நான் வாயால் எண்ணினேன். லான்சரில் அதே மாதிரி ஏற்றத்தில் எண்ணி வைத்திருந்தேன், அதில் பதின்மூன்று. இதில் ஆறு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன், அது போதும் எனக்கு.

ஆனால் பாஸ் கவனித்தது இறக்கத்தை. "டீச்சர், ஏர்றதுக்கு எல்லாக் காரும் ஏறும், எறங்குறதப் பாருங்க" என்று சொல்லி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் பேடிலால் இரண்டாவது கியரில் பிடித்து இறங்கச் சொல்லிக் கொடுத்தார். மெனுவல் மாதிரியே எஞ்சின் காரைப் பிடித்துக்கொள்கிறது. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல இறங்கும்போது முன்னால் போகும் வாகனத்தின் பிரேக் கருகும் மணம் வருமே, அந்த நிலை நமக்கு வராமல் இருக்க இதுதான் வழி. பிரேக் ஒயிலைப் பற்றியும் சொன்னார். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டொட் 4 வகை ஒயில் குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 155இலேயே கொதிக்கலாம், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வருடத்தில் பாதி நாள் மிஸ்ட்டும் மழையும் இருக்கும் எங்கள் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றியே ஆக வேண்டும். வாங்கிய அடுத்த நாளே மாற்றினோம். நாலு டயரையும்தான், மேல் பட்டன் தேயாமல் நிறைய இருந்தும், செய்த வாரத்தையும் வருடத்தையும் காட்டப் பக்கத்தில் குத்தியிருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தால் ஏழு வருடப் பழசு.

இந்தக் காரில் குறை இல்லாமல் இல்லை. தரையிலிருந்து 120 மில்லிமீற்றர்தான் உயரம். எங்கள் கேட்டுக்கு முன்னால் இருக்கும் வடிகானில் முதல் நாளே அடி உரசியது, அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மேசனை வைத்து அந்த இடத்தைச் சரிவாக்கிக் கொங்கிரீட் போட்டோம், இப்போது சரி. தோட்டத்து ரோட்டில் பெரிய குழியைச் சாய்வாக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக இறக்கி ஏற்ற அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், அது எங்களுக்கு உதவியது. தெரியாதவர்களுக்கு இந்த உயரம் தொல்லைதான். பெற்றோலுக்குப் பயந்திருந்தேன், 2022இல் கியூஆர் காட்டி வாரம் 20 லீற்றருக்கு வரிசையில் நின்ற ஞாபகம் இன்னும் போகவில்லை. ஆனால் இது ஜப்பானில் ரெகுலர் பெற்றோலுக்குச் செய்தது, இங்கே 92 ஒக்டேன் அடித்தால் போதும், செலவு லான்சரை விடக் குறைவு.

மாலையில் ஓட்டுவதைப் பற்றி அம்மாவே ஒரு முடிவு எடுத்திருக்கிறார். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த பிறகு எதிரே வரும் வெளிச்சம் கூசுகிறது என்பதால், ஆறு மணிக்கு மேல் நானுஓயா பக்கம் கார் எடுப்பதில்லை, செங்குத்தான ராதெல்ல குறுக்கு ரோட்டை எந்த நேரத்திலும் தொடுவதில்லை. நான் சொல்லவில்லை, அவராகவே சொன்னார்.

மாமா போன வாரம் வந்தார். அம்மா அவரை ஏற்றிக்கொண்டு டெவோன் நீர்வீழ்ச்சி வரை போய்த் திரும்பினார். இறங்கும்போது மாமா காரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "பிரேக் நல்லா புடிக்குதுக்கா" என்றார். அம்மா அன்றைக்கு இரவு எனக்கு போன் எடுத்து அதை இரண்டு தடவை சொன்னார். ஏப்ரலில் மஹகஸ்தொட்ட பார்க்கப் போகிறோமாம், மாமாவும் வருகிறாராம், அவர்தான் ஓட்டுவாராம், காலையில் ஐந்தரைக்கே நான் தயாராக நிற்க வேண்டுமாம்.