16 கேபிக்காக ஒன்பது நாள்

கூகுள் பிளேயில் ஆப் வெளியிடப் பயன்படும் பிளே கன்சோலில் வந்த எச்சரிக்கை இரண்டே வரி. எங்கள் ஆப்பில் உள்ள ஒரு நேட்டிவ் நூலகம் (சிப் நேராக ஓட்டும் வடிவில் உள்ள கோடு) 16 கேபி நினைவகப் பக்க அளவுக்கு ஒத்துவரவில்லை. ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்ட ஆப் என்பதால், 2025 நவம்பர் 1-க்குப் பிறகு இதைச் சரிசெய்யாமல் அப்டேட் போட முடியாது. எந்த நூலகம் என்று பார்த்தேன். லிப்ஜிங்கிள் பியர்கனெக்‌ஷன். அதாவது வெப்ஆர்டிசி, நேரடி வீடியோ அழைப்புக்கான திறந்த மூல மென்பொருள். கூகுள் டாக் காலத்து அழைப்பு நெறிமுறையான ஜிங்கிள் இன்னும் அந்தக் கோப்பின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஆப் காது கேளாதவர்களையும் சைகைமொழி பெயர்ப்பாளர்களையும் வீடியோவில் இணைப்பது. வங்கிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர் போனைத் திறந்து சைகை காட்டுவார். அந்தப் பக்கம் இருக்கும் பெயர்ப்பாளர் அதைக் கவுன்டரில் இருப்பவருக்குப் பேச்சாகச் சொல்வார். சாதாரண அழைப்பில் படம் மங்கினாலும் குரலை வைத்துச் சமாளிக்கலாம். இங்கே படம்தான் பேச்சு. விரல் கலங்கினால் சொல் போய்விடும். அதனாலேயே ஓடிக்கொண்டிருக்கும் வெப்ஆர்டிசி கோப்பைத் தொட எனக்கு நடுக்கம்.

ஆண்ட்ராய்டுக்கான ஆயத்தப் பொதி முன்பு அதிகாரபூர்வமாகவே கிடைத்தது. 1.0.32006 பதிப்போடு அது நின்றது. அதன்பிறகு யாரோ பில்டு செய்து இணையத்தில் வைத்திருந்த ஏஏஆர் என்ற நூலகப் பொதிக் கோப்பைத்தான் நாங்கள் பயன்படுத்தி வந்தோம். குரோம் 114-க்கு இணையான பதிப்பு அது. அதை வைத்திருந்தவர் புதுப்பிப்பதை விட்டு நாளாகியிருந்தது.

பிரச்சினை இதுதான். ஆண்ட்ராய்டு நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கையாள்கிறது. இத்தனை காலம் ஒரு பக்கம் 4 கேபி. புதிய சாதனங்களில் 16 கேபி ஆகலாம். நேட்டிவ் கோப்பின் பகுதிகள் 4 கேபி எல்லைகளில் அடுக்கப்பட்டிருந்தால் 16 கேபி சாதனத்தில் அது ஒழுங்காக ஏறாது. நம் காட்லின் கோடில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை, நேட்டிவ் கோப்பை மறுபடி லிங்க் செய்தால் (அதன் துண்டுகளை ஒரே கோப்பாக இணைத்தால்) போதும். ஆனால் லிங்க் செய்ய மூல நிரல், அதாவது சோர்ஸ், வேண்டும்.

ஆண்ட்ராய்டுக்கான பில்டை லினக்ஸில்தான் செய்ய வேண்டும். என்னிடம் இருந்தது உபுண்டு 22.04 போட்ட, 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். சோர்ஸை இறக்கும் கருவித் தொகுப்பான டெப்போ டூல்ஸை இறக்கிப் பாத்தில் சேர்த்துவிட்டு, வெப்ஆர்டிசி ஆண்ட்ராய்டு என்று ஃபெட்ச் கொடுத்தேன். எஸ்டிகே, என்டிகே எல்லாம் சேர்த்து வருவது சுமார் 16 ஜிபி. இரவு இரண்டு மணிக்கு கரன்ட் போய் மோடம் அணைந்தது. காலையில் மறுபடி ஃபெட்ச் கொடுத்தால், இங்கே ஏற்கெனவே ஒரு செக்அவுட் (இறக்கிய சோர்ஸ் நகல்) இருக்கிறது என்று மறுத்துவிட்டது. அந்த இடத்தில் ஃபோல்டரை அழித்து முதலிலிருந்து தொடங்காதீர்கள். ஜிகிளையன்ட் சிங்க் என்று கொடுத்தால் போதும், முடிந்தவற்றை விட்டுவிட்டு மீதியை இறக்கும். பாதியில் அறுந்த ரெப்போவை (கோடு களஞ்சியத்தை) மட்டும் முதலிலிருந்து எடுக்கும். எனக்கு மூன்று இரவு ஆனது.

அடுத்து பிராஞ்ச், அதாவது ஒரு பதிப்புக்கான சோர்ஸ் கிளை. குரோம் 114-க்கு உரியது 5735. புதிய பதிப்புக்கே போயிருக்கலாம்தான். ஆனால் எங்கள் கோடு முழுக்க 114-இல் சோதித்தது. கெடு நெருங்கும்போது இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 5735-ஐ செக்அவுட் செய்து நேராக பில்டைத் தொடங்கினேன். ஆப்சில் என்ற சி++ நூலகத்தில் இல்லாத ஃபங்ஷனைத் தேடி எரர் கொட்டியது. ஒவ்வொன்றாகச் சரிசெய்யப் பார்த்து ஒரு முழு நாள் போனது. காரணம் மிக எளியது. பிராஞ்ச் மாறினால் தர்ட் பார்ட்டி ஃபோல்டரில் இருப்பவையும் அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும். செக்அவுட்டுக்குப் பிறகு இன்னொரு சிங்க் கொடுத்ததும் எரர் எல்லாம் மறைந்தது.

லிங்கருக்குப் பக்க அளவைச் சொல்லும் வரி பில்டு ஃபோல்டருக்குள், கம்பைலர் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. இந்தப் பிராஞ்சில் பெரும்பாலான போன்களின் சிப் வகையான ஏஆர்எம்64-க்கு 4096 என்று இருந்தது. அதை 16384 ஆக்கினேன். இன்டெல் லேப்டாப்பில் போனைப் போல இயங்கும் எமுலேட்டரில் சோதிக்க எக்ஸ்86-64 கோப்பும் வேண்டும் என்பதால் அதற்கும் அதே வரியைச் சேர்த்தேன். முதல் ஓட்டத்தில் ரேம் நிரம்பி கம்பைலர் நடுவிலேயே செத்தது. பில்டை ஓட்டும் கருவியான நிஞ்சாவுக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை மட்டும் என்று வரம்பு வைத்ததும் மெதுவாக, ஆனால் நிற்காமல் ஓடியது. ஏஆர்எம்64 மட்டும் இரண்டரை மணி நேரம்.

கோப்பு வந்ததும் அதன் உள்ளமைப்பைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் போட்டுப் பார்த்தேன். லோட் என்று தொடங்கும் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 2**14, அதாவது 16384, வர வேண்டும். வந்தது 2**12, அதாவது 4096.

மாற்றிய கோப்பைத் திறந்தால் அதில் மறுபடி 4096. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாற்றங்களைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் பார்த்தால் மாற்றம் எதுவும் இல்லை என்கிறது. மெல்ல யோசித்தபோதுதான் தெரிந்தது. நடுவில் ஒரு சந்தேகத்தில் ரீசெட் சேர்த்து சிங்க் கொடுத்திருந்தேன். பில்டு ஃபோல்டர் வெப்ஆர்டிசியின் ரெப்போவைச் சேர்ந்தது இல்லை. குரோமின் அடிப்படையான குரோமியத்திலிருந்து தனியாக இறங்கும் வேறொரு ரெப்போ. மேல் ரெப்போவில் நின்றுகொண்டு ஸ்டேட்டஸ் கேட்டால் அதன் மாற்றம் தெரியாது. ரீசெட்டோ அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். அன்றே அந்த ஃபோல்டருக்குள் போய் மாற்றத்தை மட்டும் ஒரு பேட்ச் கோப்பாக (மாறிய வரிகளின் பதிவாக) எடுத்து, எங்கள் சொந்த ரெப்போவில் போட்டேன். சிங்க் முடிந்ததும் பேட்ச் போட்டு, அது ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் பில்டு தொடங்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். இதே வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்த ஓட்டத்தில் 2**14 வந்தது. 16 கேபி இமேஜ் போட்ட எமுலேட்டரில், கெட்கான்ஃப் வழியாகப் பக்க அளவைக் கேட்டு 16384 என்று உறுதி செய்துகொண்டு ஆப்பை ஏற்றினேன். அழைப்பு இணைந்தது. போனில் நிறுவும் பொதியான ஏபிகேவுக்குள்ளும் அதே எல்லையில் கோப்பு அடுக்கப்பட வேண்டும். ஆப்பை பில்டு செய்யும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 8.5.1 முதல் அதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சோர்ஸ் கையில் இருந்ததால், ரொம்ப நாளாக உறுத்திய ஒன்றைத் தேடினேன். எங்களை அதிகம் அழைக்கும் ஒரு பெரியவரிடம் ஆண்ட்ராய்டு 9 போன். பத்து நிமிஷத்தில் சுட ஆரம்பிக்கும், படம் தேங்கும். நெட்வொர்க் கோளாறு என்றே அவரிடம் சொல்லி வந்தோம். வீடியோவைச் சுருக்கும் சிப் பகுதியான ஹார்டுவேர் என்கோடரைத் தேர்ந்தெடுக்கும் ஜாவா கோப்பைப் படித்தேன். பழைய ஆண்ட்ராய்டுகளில் ஹெச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு குவால்காம், எக்ஸினோஸ் என்று தொடங்கும் பெயர்களை மட்டுமே அது ஏற்கிறது. அவருடையது மீடியாடெக் சிப். சிப்பில் என்கோடர் சும்மா இருக்க, விபி8 என்ற இன்னொரு வடிவத்தின் வேலை முழுவதையும் சிபியு சுமந்துகொண்டிருந்தது. எல்லா மீடியாடெக் போன்களுக்கும் கதவைத் திறந்துவிடத் துணியவில்லை. எங்கள் கையில் இருந்த மூன்று மாடல்களில் அரை மணி நேர அழைப்புகள் வைத்துப் பார்த்து, அந்த மூன்றுக்கு மட்டும் அனுமதித்தேன்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், எங்களோடு வேலை செய்யும் பெயர்ப்பாளர் அக்காவிடம் அந்த மாடலில் ஒன்றைக் கொடுத்து அழைக்கச் சொன்னேன். எண்களையும் பெயர்களையும் விரலெழுத்தில் வேகமாக அடித்துக் காட்டினார். கலங்கினால் முதலில் தெரிவது அங்கேதான். கணக்கு எண் ஒன்றின் கடைசி நான்கு இலக்கம் வரை ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது.

இருபது நிமிஷம் கழித்து போனின் பின்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சுடல தம்பி. அந்தப் பெரியவருக்கு இது எப்போ போகும்?"

"நாளைக்குப் போட்டுரலாம்க்கா."

"போட்டதும் சொல்லுங்க. நானே அவருக்குக் கூப்பிட்டுப் பாக்குறேன்."